இன்னொரு தரம் பார்க்கிறவர்

என் கொழுந்தனாரின் வாயிலிருந்து "சரியாயிருக்கு" என்ற ஒரு சொல்லை வாங்குவது லேசான காரியமல்ல. மீன்குழம்பு ஊற்றிவிட்டு, "எப்பிடி இருக்கு தம்பி?" என்று கேட்டால் ஒரு வாய் உண்பார். கண்ணை மூடி யோசிப்பார். "இன்னொரு அகப்பை விடுங்க மைனி, பாத்துட்டுச் சொல்லுதேன்" என்பார்.

மாமி அடுக்களைக்குள்ளிருந்து சத்தம் போடுவாள். "இவன் பாத்துப் பாத்தே சட்டிய வழிச்சிருவான். நீ இவன் பதிலுக்குக் காத்து நிக்காத பிள்ளே. மூத்தவனுக்குக் கொஞ்சம் மாத்தி வை."

மூத்தவன் என்றது என் வீட்டுக்காரரை. மிஷன் அச்சாபீசில் எழுத்துக் கோர்க்கிற வேலை அவருக்கு. கொழுந்தனார் அவருக்கு இளையவர், எனக்கு மூத்தவர். பேரைச் சொல்லாமலே சொல்கிறேன். கட்டினவர் பேரையே வாயால் சொல்லாத காலத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். கொழுந்தனார் பேரை இந்த வயதில் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆளைச் சொன்னால் போதும்.

மெலிந்த ஆள். நடக்கும்போது சற்றுக் குனிந்துதான் நடப்பார், எதையோ தரையில் தேடுகிறவர் மாதிரி. அவருக்குக் கண்ணால் பார்த்தது பார்த்ததாகாது. பெருவிரலால் தடவிப் பார்க்க வேண்டும். அந்தப் பெருவிரலில் எண்ணெய்க் கறுப்பு இறங்கி, சோப்புக்கும் போகாது, புளிக்கும் போகாது. கோவிலில் நற்கருணை வாங்கக் கை நீட்டும்போது மட்டும் அதை மடக்கி வைத்துக்கொள்வார்.

அப்போது நாகர்கோவிலில் பஸ்கள் ஓடத் தொடங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஒரு பஸ் முதலாளியின் பட்டறையில் இவர் மேஸ்திரி. காலையில் திருவனந்தபுரம் போகிற வண்டியில் ஆட்கள் ஏறி, மூட்டை ஏற்றி, கோழிக்கூடையும் ஏற்றி, டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பான். இவர் சக்கரத்தடியில் உட்கார்ந்து, தானே முறுக்கின திருகு மறையைத் தானே கழற்றி, மறுபடியும் முறுக்கிக்கொண்டிருப்பார். வண்டிக்குள்ளிருந்து வசவு வரும். ஒருநாள் டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினான்: "ஓய் மேஸ்திரி, நான் வண்டிய திருவனந்தபுரத்துக்குத்தான் ஓட்டுதேன். மோட்சத்துக்கு இல்ல!"

"அங்க போயிரப்பிடாதுண்ணுதான் ஓய் பாக்கேன்" என்றார் இவர், தலை நிமிராமல்.

பெரும்பாலும் ஒன்றும் கழன்றிருக்காது. அதுதான் ஆட்களுக்குப் பொறுக்காது. ஏதாவது கழன்றிருந்தால் அவரைக் கொண்டாடியிருப்பார்கள். ஒன்றுமில்லாததற்கு எதற்குக் கழற்றினாய் என்றுதான் கேட்பார்கள். ஒன்றுமில்லை என்று எப்படித் தெரியும் என்று இவர் திருப்பிக் கேட்பார். இந்தக் கேள்விக்கு எங்கள் தெருவில் ஒருவரிடமும் பதில் கிடையாது. ஆனாலும் அவரைக் கிறுக்கன் என்று சொல்வதை ஒருவரும் நிறுத்தவில்லை.

ஒருநாள் ஊருக்கு மேலே ஆகாயக் கப்பல் ஒன்று போயிற்று. நாங்கள் எல்லாரும் வெளியே ஓடி வந்து வாயைப் பிளந்து நின்றோம். மாமி சங்கீதம் சொல்லத் தொடங்கிவிட்டாள். அது எப்படிப் பறக்கிறது, உள்ளே யார் இருப்பார், விழுந்தால் எங்கே விழும் என்று ஆளுக்கொன்று கேட்டார்கள். கொழுந்தனார் மட்டும், "கிளம்பதுக்கு முன்ன அதுக்கு யாரு சரி பாக்கா?" என்று கேட்டார்.

அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் அந்த வேலையைத் தெரிந்துகொண்டார். கிரவுண்டு எஞ்சினியர் என்று பேர். பிளேன் ஒவ்வொரு நாளும் கிளம்புவதற்கு முன்னால் அதை முழுக்கப் பார்த்து, இது பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுகிற ஆள். அவர் கையெழுத்தில்லாமல் எந்தத் துரையும் அதில் ஏறக்கூடாது. இதைக் கேட்டபோது கொழுந்தனாரின் முகம் எப்படி இருந்தது என்பதை நான் பார்த்தேன். தனக்காகவே யாரோ ஒரு வேலையை உண்டாக்கி வைத்துவிட்டுத் தன்னிடம் சொல்ல மறந்துபோனார்கள் என்பது மாதிரி இருந்தது. மறு மாதமே பட்டறையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போனார். அங்கே பிளேன் ஓட்டப் படிக்கிறவர்களின் கிளப் ஒன்றில், பிளேன் நிறுத்துகிற ஷெட்டில், எண்ணெய் துடைக்கிற ஆளாய்ச் சேர்ந்தார். மேஸ்திரியாயிருந்தவர் எண்ணெய் துடைக்கப் போனார் என்று ஊர் சிரித்தது.

மூன்றாம் வருஷம் காய்ச்சலில் வற்றி, எலும்பும் தோலுமாய் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தகரப் பெட்டி. அதில் உடுப்பைவிடப் புத்தகம் அதிகம். அரசாங்கத்துத் துரை வைக்கிற பரீட்சை இன்னும் இரண்டு மாதத்தில். அதில் தேறினால்தான் கையெழுத்துப் போடுகிற சீட்டுக் கிடைக்கும். வாயாலும் பதில் சொல்ல வேண்டும், கையாலும் செய்து காட்ட வேண்டும்.

எனக்கு எழுத்துக் கூட்டி வேதம் வாசிக்கத் தெரியும். பேர் எழுதத் தெரியும். அதற்குமேல் இல்லை. ஆனால் காதில் விழுந்ததை மறக்க மாட்டேன். சிறுபிள்ளையில் ஞானோபதேசம் கேள்வியும் பதிலுமாய் முழுக்கச் சொல்லி மிஷனின் வெள்ளைக்கார மிசியம்மாவிடம் பரிசு வாங்கினவள். இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு அவர், புத்தகத்தில் இருந்த கேள்விகளைத் தமிழில் எனக்குச் சொல்லித் தந்தார். நான் லேஸ் பின்னிக்கொண்டே கேட்பேன். அவர் கயிற்றுக் கட்டிலில் போர்த்திக்கொண்டு பதில் சொல்வார். எனக்கு அந்தக் கேள்விகளைக் கேட்கிற ராகம் ஒன்றுதான் தெரியும்.

"பெட்ரோலிலே தண்ணீர் கலந்திருப்பதை எவ்விதமாய் அறிவாய்?"

"அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்ப்பேன். தண்ணீர் அடியில் தங்கும்."

"கம்பிக் கயிற்றிலே ஒரு இழை அறுந்திருந்தால் என்ன செய்வாய்?"

"துணியால் தடவுவேன். அறுந்த இழை துணியைப் பிடிக்கும். கயிற்றை மாற்றுவேன்."

மாமி கொல்லைப்புறத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். "இது எந்த வேதபாடம் ஏட்டி? கடைசில நான் ஆமென் சொல்லணுமா வேண்டாமா?"

"நீங்க சொன்னாலும் அவரு இன்னொரு தரம் பாத்துட்டுத்தான் ஏத்துக்குவாரு மாமி" என்றேன்.

இந்தச் சமயத்தில்தான் குலசேகரத்திலிருந்து ஒரு கல்யாண ஆலோசனை வந்தது. ரப்பர் வியாபாரி ஒருவரின் மகள். அவர் நம்முடைய சபையார்தான். மிஷன் பள்ளியில் படித்த பிள்ளை. நாங்கள் எல்லாரும் பஸ் ஏறிப் போனோம். வீடு முழுக்கப் புகை போட்ட ரப்பர் ஷீட்டின் வாசனை. பிள்ளை காப்பியும் நேந்திரங்காய் உப்பேரியும் கொண்டு வைத்துவிட்டு உள்ளே போயிற்று. நல்ல உயரம், தெளிந்த முகம். என் வீட்டுக்காரர் தம்பியைப் பார்த்து, "என்னடே, சரியா?" என்று கேட்டார்.

இவர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். "இன்னொரு தரம் பாக்கணும்" என்றார்.

மாமி தலையில் கை வைத்தாள். பிள்ளையின் அப்பா வெற்றிலையை வாயில் வைக்கப் போனவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"இது என்ன ஓய், பஸ்ஸா? கொஞ்சம் ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுததுக்கு?"

"அப்பிடி இல்ல. ஒருக்காப் பாத்துட்டு ஒரு காரியத்தச் சரியிண்ணு சொல்லி எனக்குப் பழக்கமில்ல. தப்பா எடுக்காதீங்க" என்றார் இவர். குரலில் ஒரு குறும்பும் இல்லை. மெய்யாகவே சொன்னார். அதற்குள் உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து அடங்காத சிரிப்பு. எனக்கு அந்த நிமிஷமே அந்தப் பிள்ளையைப் பிடித்துப்போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவர் தனியாகப் பஸ் ஏறி அவர்கள் கோவிலுக்கே போனார். ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஆராதனை முடியும்வரை இருந்தாராம். வெளியே வந்ததும் நேரே அந்த அப்பாவிடம் போய், "சரியாயிருக்கு" என்றாராம்.

"எது ஓய்? பிரசங்கமா?" என்று கேட்டிருக்கிறார் அவர்.

அவர் கோபக்காரர்தான், ஆனால் கெட்டவர் இல்லை. மறுவாரம் எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னார்: "பிள்ளைக்குச் சம்மதம். ரெண்டு தரம் வந்து பாத்தவன் இவன் ஒருத்தன்தாண்ணு அவ பறயுதா. ஆனா எனக்கு ஒரு பேச்சு உண்டும். சீட்டு வாங்கட்டு. ஷெட்டுல எண்ணெத்துணி பிடிக்கியவனுக்கு நான் பிள்ளைய அனுப்ப மாட்டேன்."

ஆக எல்லாம் அந்தப் பரீட்சையில் போய் நின்றது. பாஸானால் வேலை, கல்யாணம். இல்லையானால் திரும்பவும் பஸ்ஸின் அடியில்.

இஞ்சினைப் பற்றி அவருக்குப் பயமில்லை. ராத்திரி எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பயம் வேறொன்றில் இருந்தது. ஒருநாள் என் பக்கத்தில் வந்து, சொல்லலாமா வேண்டாமா என்று நின்றார்.

"மைனி, எனக்குத் தைக்கக் காட்டித் தருவியளா?"

"தையலா? பிளேனுக்கா?"

அதுவரை அது இரும்பால் ஆனது என்றே நான் நினைத்திருந்தேன்.

"மரச்சட்டம் மைனி. அதுக்கு மேல துணி. இழுத்துப் போத்தித் தைச்சு, மேல ஒரு பசை பூசுவாவ. அழுகின வாழைப்பழ வாசனை அடிக்கும். காஞ்சா மத்தளம் மாதிரி நிக்கும். கிழிஞ்சா ஊசியால தைச்சு மேல ஒட்டுப் போடணும். ஷெட்டுல அதுக்கு ஒரு தையக்காரன் உண்டு. அவன் என்னைய ஊசியத் தொட விட்டதில்ல."

மாமிக்கு இதுதான் தாங்க முடியவில்லை. "சீலையைச் சுத்திக்கிட்டா ஆகாசத்துல போறானுவ? கர்த்தாவே! வேண்டாம் மக்கா, நீ பஸ்ஸுக்கே வந்திரு."

என் கையைப் பற்றி நானே சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்ல வேறு ஆளில்லை. அந்தக் காலத்தில் மிஷன் பெண்கள் பலரும் லேஸ் பின்னினார்கள், பூவேலை செய்தார்கள். ஆனால் கிழிசல் மூடுவதற்கு மிசியம்மா என்னிடம்தான் அனுப்புவார். கிழிந்த இடத்தை நான் மூடினால் கிழிந்தது எங்கே என்று கிழித்தவர்களுக்கே தெரியாது. அது கர்வமில்லை, உள்ளது.

ஆனால் கொழுந்தனார் அதைச் சும்மா ஏற்றுக்கொள்கிற ஆளா? மிசியம்மாவின் மேசை விரிப்பு ஒன்றை நான் மூடி வைத்திருந்தேன். மறுநாள் கொடுக்க வேண்டியது. நான் ஆற்றில் துணி துவைத்துவிட்டு வருவதற்குள் அதை எடுத்து வெயிலில் பிடித்து, பெருவிரலால் தடவித் தடவித் தேடியிருக்கிறார். இடம் தெரியவில்லை. கடைசியில் எப்படியோ கண்டுபிடித்து, ஊசி முனையால் அதைப் பிரித்துவிட்டார். நான் வந்து பார்க்கிறேன், நூல் நூலாய் மடியில் கிடக்கிறது.

நான் கத்தவில்லை. கத்துகிற குடும்பத்தில் நான் பிறக்கவில்லை. அவருக்குச் சோறு போட்டேன், பேச்சை நிறுத்தினேன். கறி எப்படி என்று கேட்கவுமில்லை. மிசியம்மாவிடம் தவணை சொல்லிவிட்டு, முழுக்க மறுபடியும் மூடினேன். அவர் தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாளும் பேசவில்லை. அதற்கடுத்த நாள் அவரே வந்தார்.

"மைனி, ஒண்ணு சொல்லணும். பிரிச்சது தப்புதான். ஆனா பிரிச்சதுனாலதான் கண்டேன். உள்பக்கமும் வெளிப்பக்கம் மாதிரியே இருக்கு. ஆரும் பாக்காத இடத்துலயும் அப்பிடியே செஞ்சிருக்கிய."

அந்தப் பேச்சுக்கு அப்புறம் நான் எப்படிக் கோபமாய் இருக்க முடியும்? மிசியம்மாகூட உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தது கிடையாது.

அன்றிலிருந்து படிப்பு தொடங்கியது. ஈர்க்கில் சட்டம் கட்டினார். என் வீட்டுக்காரரின் பழைய வேட்டியை அதில் போர்த்தி, கெட்டியாய்க் கஞ்சி பூசிக் காயவைத்தார். நான் அதைக் கிழிப்பேன், அவர் தைப்பார். எண்ணெய்க் கையில் ஊசி வழுக்கும். குத்திக்கொண்டு ரத்தத்தை வாயில் வைத்துச் சப்புவார். பழைய பட்டறை ஆள் ஒருவன் வேலி வழியாக எட்டிப் பார்த்து, "எலே மேஸ்திரி, பொம்பளையளுக்கு ஜம்பர் தைக்கியா?" என்று கேட்டான். "ஆமாலே, உள்ள வா, அளவெடுக்கட்டு" என்றார் இவர். அவன் போய்விட்டான்.

புத்தகத்தில் தையலுக்கு ஒரு படம் இருந்தது. அதை எனக்குக் காட்டினார். தள்ளித் தள்ளிக் குத்தின, அகலமான தையல். நூலும் தடிமன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது சாக்குத் தையல் தம்பி. இத யாரு தையல்ண்ணு சொன்னது?"

"ஒரு அங்குலத்துக்கு இவ்வளவு குத்துக்குக் குறையக்கூடாதுண்ணு போட்டிருக்கு மைனி."

"குறையக்கூடாதுண்ணுதான போட்டிருக்கு? கூடினா என்ன?"

அது நியாயமான கேள்வி. இன்றைக்குக் கேட்டாலும் நியாயமான கேள்விதான். அவர் படத்தைப் பார்த்தார், நான் மூடி வைத்திருந்த துணியைப் பார்த்தார். புத்தகத்தை மூடிவிட்டு ஊசியை எடுத்தார். சக்கரத்து மறையை நம்பாதவர், கிணற்றுக் கயிற்றை நம்பாதவர், பிள்ளை பார்க்கப் போன இடத்தில் தன் கண்ணையே நம்பாதவர் என் கையை மட்டும் அதற்குப்பின் சோதித்துப் பார்க்கவேயில்லை. பரீட்சைக்குள் அவர் தையல் என் தையலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அவர் மூடின கிழிசலை மாமியால் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கே கொஞ்சம் தேட வேண்டியிருந்தது.

காய்ச்சல் விட்டு, உடம்பு தேறி, பரீட்சைக்குச் சென்னைக்குப் போனார்.

திரும்பி வருகிறார் என்று தந்தி வந்ததும் என் வீட்டுக்காரர் கோவிலில் பத்துப் பேரிடம் "தம்பி பாஸ்" என்று சொல்லிவிட்டார். தந்தியில் பாஸ் என்று ஒன்றுமில்லை, வருகிறேன் என்றுதான் இருந்தது. திருநெல்வேலியில் ரயில் இறங்கி, ஆரல்வாய்மொழி வழியாகப் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். முகம் கழுவிக்கொண்டிருக்கும்போதே குலசேகரத்துக்காரர் ஒரு பெரிய பலாப்பழத்தை, நல்ல வருக்கைச் சக்கையை, ஆள் தலையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். சேதி அதுவரை போயிருந்தது.

"பாஸ்தான ஓய்?" என்றார், உட்காரும் முன்னாலே.

"பாஸ்தான்! சீட்டு கையில இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர். சீட்டு மெய்யாகவே இருந்தது. முத்திரை போட்ட இங்கிலீஷ் சீட்டு. அவரைத் தவிர அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் அதை முழுக்கப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரியாது. கொழுந்தனார் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும். அந்தச் சனிக்கிழமையே தேதி குறித்திருப்பார்கள்.

"பாதி" என்றார் அவர்.

"என்னது பாதி?"

"இது இஞ்சினுக்கு உள்ள சீட்டு. இஞ்சினுக்கு நான் கையெழுத்துப் போடலாம். மேல்கட்டுக்கு, அந்த மரத்துக்கும் துணிக்கும், போட முடியாது. அதுக்கு வேற சீட்டு. அது கிடைக்கல்ல. துணியில தோத்துட்டேன்."

குலசேகரத்துக்காரர் சக்கையைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். "பாதிச் சீட்டுக்கு நான் முழுப் பிள்ளைய எப்பிடி ஓய் தாறது?"

அவர் எழுந்தார். வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "மீதியும் வாங்கிட்டு வாரும். அதுக்கெடையில வேற நல்ல ஆலோசனை வந்தா நான் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன். உள்ளதச் சொல்லிப்போட்டேன். நீரும் உள்ளதத்தான சொன்னீரு."

அவர் போனதும் மாமி அழுதாள். அழுகைக்கு நடுவே, "துணியிலயா தோத்தான்? இஞ்சினு கிடைச்சுப் போச்சு, துணியிலயா? மைனிகிட்டயில்லா உக்காந்து படிச்சான்!" என்றாள். வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான். என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் சக்கையைத் தூக்கி உள்ளே வைத்தார்.

நான் கிணற்றடிக்குப் போனேன். கொழுந்தனார் அங்கே தன் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். என் தையல் சரியாயிருந்துச்சா?"

நான் வாயை மூடுவதற்குள் பதில் வந்தது. "சரியாயிருந்துச்சு மைனி."

வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அந்தச் சொல் அவர் வாயிலிருந்து அப்படி ஓடிவந்து நான் கேட்டதில்லை. யோசிக்கவில்லை. கண்ணை மூடவில்லை. இன்னொரு தரம் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. அது மெய்யில்லை என்று ஓடிவந்த வேகத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"பொறவு ஏன் தோத்திய?"

"துரை கண்ணாடி வச்சுப் பாத்தாரு. நல்லா இருக்குண்ணு இன்னொரு துரையையும் கூப்பிட்டுக் காட்டினாரு. பொறவு வேண்டாம்ண்ணுட்டாரு."

"ஏன்?"

"எனக்கு விளங்கல்ல மைனி."

அவருக்கு விளங்காதாம்! விளங்காவிட்டால் அந்தத் துரையின் மேசையை விட்டு இவர் எழுந்திருப்பாரா? நான் உள்ளே போனேன். அவர் பரீட்சைக்குப் போகும் முன் தைத்துப் பழகின துணிகள் பெட்டியடியில் இருந்தன. அதில் மிகவும் நன்றாய் வந்ததை எடுத்தேன். அவர் தைத்ததா நான் தைத்ததா என்று எனக்கே தெரியாதது. இரண்டு பக்கமும் பிடித்து ஓங்கி இழுத்தேன். சர்ரென்று கிழிந்தது. வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். தையலில் ஒரு நூல் அறவில்லை. தையலுக்குப் பக்கத்தில், ஊசி இறங்கின துளைகள் வழியாகவே, கோடு கிழித்த மாதிரித் துணி போயிருந்தது. மற்றொன்றை இழுத்தேன். அதுவும் அப்படியே.

அதைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன்.

"தையல் நின்னுட்டு. துணி போயிட்டு" என்றேன்.

அவர் ஈரக் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"துரையும் இப்பிடித்தான் இழுத்தாரு மைனி. நெருக்கிக் குத்தினா தபால் தலைக்கு ஓரம் போட்ட மாதிரி ஆயிருமாம். கைக்குட்டைக்கு இதவிட நல்ல வேலை இல்ல, றெக்கைக்கு ஆகாதுண்ணாரு."

"அத என்கிட்டச் சொன்னா என்ன?"

அவர் சட்டையைப் பிழிந்து கயிற்றில் போட்டார்.

மீதியையும் அவர் வாங்கினார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த பரீட்சையில் கிடைத்தது. அதுவரை குலசேகரத்தில் வேறு ஆலோசனைகள் வராமலில்லை. அந்தப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும், "ஒருக்காப் பாத்துட்டுப் போறவனுக்கு எதுக்கப்பா நான் காப்பி கொண்டு வைக்கது?" என்று உள்ளேயே இருந்துவிட்டதாம். கல்யாணம் அவர்கள் கோவிலில் நடந்தது. பிறகு வருஷக்கணக்காய்ப் பிளேன்களுக்குக் கையெழுத்துப் போட்டார். கிளம்ப நேரமாகிறது என்று துரைமாரும் அவரை ஏசியிருப்பார்கள். அதெல்லாம் நான் பார்த்ததில்லை. நான் பார்த்தது, குலசேகரத்துக்காரர் கோபித்துக்கொண்டு போனதற்கு மறுநாள் காலையில் நடந்ததுதான்.

அவர் சென்னைக்குத் திரும்ப இன்னும் நாலைந்து நாள் இருந்தது. நான் தடித்த நூலை எடுத்து மெழுகில் இழுத்தேன். கஞ்சி பூசின வேட்டித் துண்டைச் சட்டத்தோடு மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தில் பாய் போட்டு உட்கார்ந்தேன். அடுக்களை மூலையில் உட்கார்ந்து செய்திருக்கலாம். மிசியம்மாவின் ஆட்கள் லேஸ் வாங்க வருகிற நாள் அது. வருகிறவர் பார்க்கட்டும் என்று வெளிச்சத்தில்தான் உட்கார்ந்தேன். கை கேட்கவில்லை. நான் அகலமாய் வைத்தால் அது நெருக்கமாய்ப் போய் விழும். பழகின கை அப்படித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு அகலமாய்க் குத்தினேன். ஒரு சாண் தைத்து முடிச்சுப் போட்டேன். என் வயதில் அவ்வளவு அவலட்சணமான ஒன்றை நான் தைத்ததில்லை.

"இந்தாங்க தம்பி. பாருங்க."

அவர் வாங்கினார். பெருவிரலால் மேலிருந்து கீழே தடவினார். திருப்பி உள்பக்கம் பார்த்தார். மறுபடியும் தடவினார். வாசலில் மிசியம்மாவின் ஆள் வந்து நின்றது எனக்குத் தெரியும். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று மாதிரி எனக்காகச் சரி என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

"இல்ல மைனி" என்றார். "இன்னும் கொஞ்சம் அகலமா."

நான் நூலை அறுத்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கினேன்.